வீடு பார்க்க வந்தவர்களுக்கு மலை காட்டினேன்

கோயமுத்தூர்ப் பக்கத்தில் யாரும் யாரையும் பார்த்து 'முடியாது' என்று சொல்ல மாட்டார்கள். சொல்லத் தெரியாது என்பதில்லை. சொன்னால் எதிரில் இருப்பவரின் முகம் வாடிவிடுமே என்ற கவலைதான். 'உங்கள் பையன் எங்களுக்கு வேண்டாம்' என்பதைக் கல்யாணப் பேச்சில் எங்கள் ஆட்கள் இப்படிச் சொல்வார்கள்: "கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க." இருபத்தெட்டு வயதுக்குள் இந்த வாக்கியத்தை நான் மூன்று வீடுகளில் கேட்டிருந்தேன். மூன்று வீட்டிலும் காப்பி கொடுத்து, வாசல் வரை வந்து, கார் திரும்பும்வரை நின்று கையாட்டிவிட்டுத்தான் அனுப்பினார்கள். (அந்த மூன்று குடும்பங்களும் இன்னும் கலந்து பேசிக்கொண்டிருப்பதாகத்தான் என் அம்மாவின் கணக்கு.)

நான்காவது வீடு கோகிலாவுடையது. பெரியநாயக்கன்பாளையத்தில் அவளுடைய அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். முப்பது வருடமாக, ஓடுகிற இயந்திரங்களுக்கு நடுவில் நின்று பேசிப் பழகியவர் என்பதால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம்கூட ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் பேசுவது போலத்தான் பேசுவார். "காப்பிக்குச் சக்கரை போதுமுங்களா தம்பி" என்று அவர் கேட்டபோது எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது.

கோகிலா பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பெண் பார்க்கப் போன அன்று எங்கள் இருவரையும் கொல்லைப்பக்கம் தனியாகப் பேச அனுப்பினார்கள். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"லீவு நாள்ல என்னங்க பண்ணுவீங்க?"

பதினொரு மணி வரை தூங்குவேன், எழுந்து பைக்கைக் கழுவுவேன், கழுவின களைப்பில் மறுபடி தூங்குவேன் என்பதுதான் உண்மை. ஆனால் அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு, பரீட்சைத் தாளில் அடுத்த வரியைப் படிக்கப்போகிறவள் போல என்னைப் பார்த்தாள். அப்படி ஒருத்தி பார்க்கும்போது தூக்கத்தைப் பற்றி எப்படிச் சொல்வது?

"மலைக்குப் போவேனுங்க. கடம்பூர் மலையில எனக்குன்னு ஒரு எடம் இருக்குது. மாசத்துக்கு ஒருக்கா போயிருவேன்" என்றேன்.

இதில் மலை உண்மை. இடம் உண்மை. 'எனக்குன்னு' என்பதும் 'மாசத்துக்கு ஒருக்கா' என்பதும் சுத்தப் பொய். நான் அங்கே போனது ஒரே ஒரு முறை, மொத்தம் பதினைந்து நிமிடம்.

அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் வெறும் பொய்யன் என்று நினைத்துவிடுவீர்கள்.

எனக்குப் பம்ப் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் பிரிவில் வேலை. அதற்கு முந்தைய மாசி மாதத்தில் அத்திக்கொம்பை என்ற ஊருக்குச் சோலார் பம்ப் மாட்டப் போனோம். சத்தியமங்கலத்திலிருந்து மலையேறினால் கடம்பூர். அங்கிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம் காட்டுப் பாதை, நடுவில் இரண்டு ஓடை. ஊர் என்று சொல்வதே பழக்கதோஷம்தான். மொத்தம் நாலு வீடு, கொஞ்சம் ராகிக் காடு, சில எருமைகள். போர்வெல்லில் மோட்டாரை இறக்கி, மேட்டில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை வைத்து, குழாய் இழுத்து முடிக்கும்போது மதியம் தாண்டிவிட்டது. காற்று வாங்கலாம் என்று தொட்டிக்கு அந்தப் பக்கம் நாலு எட்டு நடந்தேன். தரை முடிந்துவிட்டது.

எனக்குக் கீழே ஒரு பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதுவரை நான் பருந்தின் வயிற்றைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக அதன் முதுகைப் பார்த்தேன். அதற்கும் கீழே காடு. காட்டுக்கு நடுவில் ஓடை ஒன்று, வெயில் பட்ட இடத்தில் மட்டும் தெரிந்து மற்ற இடத்தில் மறைந்தது. அதற்கப்பால் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து மலைகள். முதல் மலை பச்சை, அடுத்தது கரும்பச்சை, அதற்கடுத்தது நீலம், கடைசி மலை இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. இத்தனை பெரிய இடத்தில் ஒரு வீடு இல்லை. ஒரு கரண்ட் கம்பம் இல்லை. எங்கள் ஊர்க்காரன் கண்ணுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் நாலு தென்னை மரமும் ஒரு மோட்டார் ரூமும் தெரிந்தாக வேண்டும். அவை இல்லாவிட்டால் கண்ணை எங்கே நிறுத்துவது என்றே எங்களுக்குத் தெரியாது. நான் நிறுத்தவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். ஏனென்று தெரியாமல் அழுகை வந்துவிட்டது. கூட வந்த மெக்கானிக் பார்த்துவிடுவானோ என்று கிரீஸ் கையால் அவசரமாகத் துடைத்ததில், திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரு கண்தான்.

இதை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று அன்றிலிருந்து ஒரு தவிப்பு. அம்மாவிடம் சொன்னேன். "தண்ணி நல்லா ஏறுச்சாடா?" என்று கேட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விட்டார்.

கோகிலா வீட்டிலிருந்து அடுத்த வாரம் தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்களாம். எங்கள் பக்கத்து வழக்கம் இது. பெண் வீட்டார் பத்துப் பேராகக் கிளம்பி வந்து, அறை அறையாகப் பார்த்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, மாட்டுக்கு முன்னால் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். அம்மாவும் நானும் அப்போது பீளமேட்டில், மூடிப்போன ஒரு மில்லுக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தோம். கிணறு இல்லை. மாடு இல்லை. எட்டிப் பார்க்க ஒரு கார்ப்பரேஷன் தண்ணீர்த் தொட்டி இருந்தது, அதிலும் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர். பத்துப் பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் இரண்டு பேர் கட்டிலின் மேல்தான் நிற்க வேண்டும்.

இதைப் பார்த்தால் கலந்துதான் பேசுவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கோகிலா தலையைச் சாய்த்துப் பார்த்த பார்வையும் மனதைவிட்டுப் போக மாட்டேன் என்றது. போனை எடுத்து அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க மாமா, ஊடு என்னைக்கு வேணாப் பாத்துக்கலாமுங்க. ஞாயித்துக்கெழமை எல்லாரும் என்னோட மலைக்கு வாங்க. ஒரு எடம் காட்டறேன்."

எதிர்ப்பக்கத்தில் லேத் ஓடும் சத்தம். பிறகு அவர் குரல். "நம்ம தோட்டமுங்களா தம்பி?"

"இல்லீங்க. யாரோடதும் இல்லீங்க. பாக்கத்தான்."

வீடு பார்க்க வருகிறோம் என்றால் யாருக்கும் சொந்தமில்லாத மலையைக் காட்டுகிறேன் என்கிறான். வேறு ஊர்க்காரராக இருந்தால் அந்த நிமிடமே போனை வைத்திருப்பார். அவர் எங்கள் ஊர்க்காரர். "செரீங்க தம்பி, வந்தர்றோம்" என்றார்.

கார்த்திகை மாதம் அது. முன்னால் நான் போனது மாசி, பளிச்சென்ற வெயில் காலம். கார்த்திகைக்கும் மாசிக்கும் மலையில் என்ன வித்தியாசம் என்று யோசிக்கும் அறிவு அப்போது எனக்கில்லை.

கடம்பூர் வரை வேன். அங்கே நஞ்சப்பன் என்பவரின் ஜீப்பில் ஏறினோம். பெண் வீட்டார் எட்டுப் பேர், அம்மா, நான். அரிசிம்பருப்புச் சாதம் நிறைந்த பெரிய தூக்குப்போசியை அம்மா மடியில் வைத்துக்கொண்டார். கோகிலாவின் பெரியம்மா எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் மரியாதையில் எங்கள் மாவட்டத்துக்கே முதல் பரிசு வாங்கக்கூடியவர். ஜீப் ஒரு பாறையில் ஏறி இறங்கி அவர் தலை மேல்கம்பியில் நங்கென்று இடித்தபோதுகூட, "ரோடு நல்லாருக்குதுங்க" என்றார்.

முதல் ஓடையைத் தாண்டியதும் மூடுபனி வந்தது. முதலில் மரங்களின் உச்சி போனது, பிறகு மரங்கள் போயின, பிறகு பாதை போனது. நஞ்சப்பன் தலையை வெளியே நீட்டி ஓட்டினார். அது ஓர் அழகுதான். மூங்கில் புதர்கள் திடீரென்று பக்கத்தில் முளைத்துத் தண்ணீரைச் சொட்டிவிட்டு மறைந்தன. எங்கோ ஒரு பறவை ஒரே ஒரு முறை கூவிவிட்டு நிறுத்திக்கொண்டது. ஜீப்பில் எல்லாரும் பேச்சை விட்டுவிட்டார்கள், கோகிலாவின் அப்பாவைத் தவிர.

"இங்கெல்லாம் எத்தனை அடியில தம்பி தண்ணி?"

எங்கள் ஆட்களை எந்த அழகான இடத்துக்குக் கூட்டிப்போனாலும் முதல் கேள்வி இதுதான். நானும் பம்ப் கம்பெனிக்காரன் என்பதால் ஆழத்தைச் சொன்னேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அத்திக்கொம்பை வந்தது என்று நஞ்சப்பன் சொல்லித்தான் தெரிந்தது. இறங்கினோம். கையை நீட்டினால் விரல் தெரியும், அதற்கப்பால் பால். கோகிலாவின் அப்பா தன் போனை நஞ்சப்பனிடம் கொடுத்து, "பனி வெலகுனா எங்க எல்லாரையும் நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்துக்குடுங்க" என்றார். நஞ்சப்பன் சரியென்று வாங்கிக்கொண்டு ஜீப்புக்குள் படுத்துத் தூங்கிப்போனார்.

நான் ஒரு நிமிடம்தான் கலங்கினேன். அதற்குள் பக்கத்திலேயே கறுப்பாக ஒன்று தெரிந்தது. என் தொட்டி. நான் கையால் வைத்த தொட்டி. தொட்டி இடது கைப்பக்கம் இருந்தால் பள்ளத்தாக்கு நேர் எதிரில். இதில் மறக்க என்ன இருக்கிறது? (போனில் திசைகாட்டி இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. மாசத்துக்கு ஒருக்கா வருகிறவன் எதற்குத் திசைகாட்டி பார்ப்பான்?)

எல்லாரையும் புல்தரையில் வரிசையாக நிற்க வைத்தேன். "முன்னால ஒரு எட்டுக்கூட வெச்சராதீங்க. மொகத்துக்கு எதுக்க அதலபாதாளமுங்க" என்று எச்சரித்தேன். அம்மா தூக்குப்போசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பனி விலகும் என்று கால்மணி நேரம் காத்திருந்தோம். விலகவில்லை. சும்மா நிற்பது சங்கடமாக இருக்கவே, தெரியாததை நான் விவரிக்க ஆரம்பித்தேன்.

"நேர் எதுக்க பாருங்க. அடுக்கடுக்கா அஞ்சு மலை. மொதல் மலை பச்சை, கடைசி மலை நீலம்."

வெள்ளைச் சுவரைப் போல நின்ற பனியைப் பெரியம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஆமாங் தம்பி. அஞ்சும் தெரியுதுங்க."

"நாலாவது மலை சித்த ஒசரமாட்டத் தெரியுதுங்களே" என்றார் அப்பா.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அவர்களுக்குத் தெரிகிறது. அப்படியானால் எனக்குத்தான் கண் சரியில்லை. உற்சாகம் ஏறிவிட்டது. கீழே ஓடை என்றேன், "நெம்ப அழகுங்க" என்றார்கள். பருந்து என்றேன், "றெக்கைய விரிச்சுட்டுப் போகுதுங்க" என்றார்கள். என் அம்மாகூட, ஐந்து நிமிடத்துக்கு முன்னால் என் காதில் "ஒண்ணுமே தெரியலையேடா" என்று கிசுகிசுத்தவர், சம்பந்தி வீட்டாரைப் பார்த்து, "எங்க பையன் சொன்னா அப்படியே இருக்குமுங்க" என்றார். இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. எனக்கே நான் சொல்வது கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது.

கோகிலா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் நானே கேட்டுவிட்டேன்.

"உங்களுக்குத் தெரியுதுங்களா?"

"எனக்கு வெள்ளையாத்தாங்க தெரியுது" என்றாள்.

வரிசையில் ஒரு சங்கட அசைவு. "நல்லாப் பாரு அம்மணி" என்றார் பெரியம்மா, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற குரலில்.

"நல்லாத்தான் பாக்கறேன் பெரியம்மா. வெள்ளையா இருக்குது."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொல்ல வாய் திறந்தேன். அப்போது எதிரில், பள்ளத்தாக்கின் திசையிலிருந்து, புஸ்ஸென்று ஒரு பெருமூச்சுச் சத்தம் கேட்டது. கனமான உடம்பு ஒன்று கால் மாற்றி நிற்கிற சத்தமும் கேட்டது.

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, கையைத் தூக்கி எல்லாரையும் அமைதிப்படுத்தினேன். "அசையாதீங்க. காட்டெருமை. பள்ளத்துல இருந்து மேல ஏறி வருது."

பெரியம்மா இரண்டு எட்டு பின்னால் போனார். அவரோடு வரிசையும் இரண்டு எட்டு பின்னால் போனது. மறுபடி புஸ். மறுபடி இரண்டு எட்டு. பனியோடு சாணி வாசமும் வந்தது. "காத்து நெம்ப சுத்தமா இருக்குதுங்க" என்று பெரியம்மா பின்வாங்கிக்கொண்டே சொன்னார். அப்புறம் டிங் டிங் என்று ஒரு மணி ஒலித்தது.

"காட்டெருமைக்கு மணி யாருங்க கட்டிவுட்டது?" என்று கேட்டாள் கோகிலா.

நான் அப்போதும் விடவில்லை. "கூட்டத்துல தலைவன் இருக்குமுங்க, ஃபாரஸ்டுக்காரங்க அடையாளத்துக்கு..." என்று இழுத்துக்கொண்டே நானும் ஓர் எட்டு பின்னால் வைத்தேன்.

"ஏனுங்க, அங்கயே நில்லுங்க. இன்னும் பின்னால போகாதீங்க."

தொட்டிப் பக்கமிருந்து ஒரு பெண்மணி வேகமாக வந்தார். ரங்கம்மா. நாலு வீட்டில் ஒரு வீட்டுக்காரர், முன்பு பம்ப் மாட்டிய அன்று எங்களுக்கு ராகிக் களி போட்டவர். ஒரு கையில் கடுங்காப்பிச் செம்பு, இன்னொரு கையை எங்களைத் தடுப்பது போல நீட்டியிருந்தார்.

"உங்களுக்குப் பின்னால பத்து எட்டுலதாங்க பள்ளம். கால் வழுக்குனா எலும்பு மிஞ்சாது."

அப்பாதான் முதலில் பேசினார்.

"பள்ளம் முன்னால இருக்குதுன்னு தம்பி சொன்னாருங்களே."

ரங்கம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை, என்னை எப்படியாவது காப்பாற்ற முடியுமா என்ற யோசனைதான் இருந்தது. முடியவில்லை.

"முன்னால எங்கூட்டு எருமைங்க கட்டியிருக்குதுங்க" என்றார்.

"தொட்டி..." என்றேன். "தொட்டி இடது பக்கம் இருந்தா..."

"அதை நாங்க எடம் மாத்திப்போட்டோமுங்க. அந்த ஒருக்கா நீங்க வந்து வெச்ச எடத்துல இருந்து ஊட்டுப் பக்கம் தண்ணி செரியா வரலீங்க. ஆம்பளைங்க நாலு பேரு சேந்து தூக்கி எதுத்த பக்கம் வெச்சாங்க. இப்ப நெம்ப நல்லா வருதுங்க." கடைசி வாக்கியத்தை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஒரே மூச்சில் என் இரண்டு மானமும் போயிற்று. நான் ஒரே ஒரு தடவை வந்தவன். வைத்த தொட்டியையும் தப்பாக வைத்தவன். பெண் கேட்டு வந்த பம்ப் இன்ஜினியருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா?

"எப்ப இருந்துங்க பாத்துட்டு இருந்தீங்க?" என்று கோகிலா ரங்கம்மாவைக் கேட்டாள்.

"நீங்க வந்து சித்த நேரத்துலயே வந்துட்டனுங்க. சாரு அத்தனை ஆசையா எருமையைக் காட்டிட்டு இருந்தாரு. நடுவுல பேசி எதுக்குக் கெடுக்கறதுன்னு நின்னுட்டனுங்க."

கோகிலா மெதுவாகத் திரும்பினாள். "பெரியம்மா, அஞ்சு மலையும் தெரியுதுன்னீங்க?"

பெரியம்மா வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ, எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. அந்த நேரம் பார்த்துக் காற்று எழுந்தது.

கீழிருந்து வந்தது அந்தக் காற்று. எங்கள் முதுகுக்குப் பின்னால் பனி தரையைவிட்டு எழும்பியதை முதலில் பார்த்தவள் கோகிலாதான். "அப்பா" என்றாள், அவ்வளவுதான். எல்லாரும் திரும்பினார்கள்.

முதலில் ஒரு மரத்தின் உச்சி, அந்தரத்தில் மிதப்பது போல. பிறகு அதன் கீழே இன்னும் நூறு மரங்கள். பனி கிழியவில்லை, விலகவில்லை. யாரோ அடியில் நின்று பொறுமையாகத் தூக்குவது போல மேலே போய்க்கொண்டே இருந்தது. காடு இறங்கிக்கொண்டே போயிற்று, இவ்வளவு ஆழமா என்று கால் கூசுமளவுக்கு. அடியில் ஓடை தெரிந்தது, கார்த்திகை மழை வாங்கியிருந்ததால் இந்தத் தடவை முழு நீளமும் வெள்ளையாக. முதல் மலை வந்தது. இரண்டாவது வந்தது. நான் எண்ணிக்கொண்டு வந்தேன். ஐந்து என்றுதான் நான் சொல்லியிருந்தேன். ஏழு இருந்தன. மழை கழுவிவிட்ட காற்றில், மாசி மாதத்தில் தெரியாத இரண்டு மலைகள் பின்னால் நின்றுகொண்டிருந்தன. மேகத்தின் நிழல் ஒன்று முதல் மலை மேல் ஏறி, இறங்கி, அடுத்த மலைக்குப் போனது. அது போகிற வழியில் தடுக்க ஒரு சுவர் இல்லை, கம்பம் இல்லை, கூரை இல்லை.

பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். தண்ணீர் எத்தனை அடி என்று யாரும் கேட்கவில்லை. அம்மா தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கும்பிடுவது போல் சேர்த்துக்கொண்டார், கோயிலில்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. பெரியம்மா பாராட்டவே இல்லை. அவருக்கு நிஜமாகத் தெரிந்தபோது சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது.

எனக்கு வெட்கமெல்லாம் எங்கோ போய்விட்டது. நான் காட்டத் தவறிய இடம் தன்னைத் தானே காட்டிக்கொண்டுவிட்டது. இவர்கள் பார்த்துவிட்டார்கள், அது போதும் என்று இருந்தது. பெண் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அந்த நேரத்தில் மனதார நினைத்தேன். (அந்தப் பெருந்தன்மை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

அப்போது கோகிலாவின் அப்பா பேசினார். முதலில் அது அவர் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை.

"ஒரு சத்தமும் இல்லீங்களே" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே காது கொடுத்தால்தான் கேட்கும் அளவுக்கு மெதுவாக. "காதுல எப்பவும் மெஷின் ஓடிட்டே இருக்குமுங்க தம்பி. பட்டறையப் பூட்டுனாலும் ஓடும், படுத்தாலும் ஓடும். இப்ப நின்னுபோச்சுங்க."

"எங்கப்பா மெதுவாப் பேசி இன்னைக்குத்தாங்க கேக்கறேன்" என்று கோகிலா என்னிடம் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. கையில் கிரீஸ் இல்லாவிட்டாலும் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே விட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ரங்கம்மா கடுங்காப்பி ஊற்றினார். அம்மா அரிசிம்பருப்பைப் பரிமாற, ரங்கம்மா வீட்டிலிருந்து நாக்கு காந்தும் மிளகாய்த் துவையல் வந்தது. அந்தப் புல்தரையில் மலையைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் மட்டும் சாப்பிடவில்லை. எந்த நேரமும் அந்த வாக்கியம் வந்துவிடும் என்று காத்திருந்தேன். 'கலந்து' என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து எருமைக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொள்வதாகத் தீர்மானித்திருந்தேன்.

கடம்பூரில் வேனில் ஏறும்போது அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோகிலா சற்றுத் தள்ளி நின்றாள்.

"எங்க அம்மணிகிட்ட கேட்டனுங்க" என்றார். குரல் பழையபடி ஏறியிருந்தது, கடைவீதியே திரும்பிப் பார்த்தது. "ஊடு பாக்கலையே கண்ணு, பரவால்லையான்னு கேட்டேன். இவரு பொய் சொன்னா ஒரு மணி நேரத்துல தெரிஞ்சுருதுப்பா, அது போதும்னு சொல்லிப்போட்டா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் தோளில் கையை வைத்தார்.

"அடுத்த தடவை வாரப்ப மொதல்ல எருமையைப் பாத்துப்போட்டு அப்பறம் பள்ளத்துப் பக்கம் போலாமுங்க மாப்ள."

அதுவரை நான் தம்பியாகத்தான் இருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் கலந்து பேச எதுவும் இருக்கவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. கார்த்திகையில் தவறாமல் அத்திக்கொம்பை போகிறோம், மாசத்துக்கு ஒருக்கா என்று நான் சொன்ன பொய்யை வருடத்துக்கு ஒருக்கா என்ற அளவிலாவது உண்மையாக்கிவிட்டேன். மாமாவுக்கு இப்போது காது நன்றாக மந்தம். ஆனாலும் அந்தப் புல்தரைக்குப் போய் நின்றதும் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திவிடுவார்.

எங்கள் கூடத்தில் ஒரு பெரிய போட்டோ மாட்டியிருக்கிறது. அன்றைக்குக் காற்றடித்ததும் ஜீப்பில் தூக்கம் கலைந்து எழுந்த நஞ்சப்பன், வாங்கி வைத்திருந்த போனில் எருமைக் கொட்டகைப் பக்கமிருந்து எடுத்தது. ஏழு மலையும் அதில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து ஒன்பது பேர் நிற்கிறார்கள், ஒன்பது முதுகு. நடுவில் ஒரே ஒரு முகம் மட்டும் கேமராவைப் பார்க்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு நொடி, நான் ஒன்றரை மணி நேரம் காட்டிய பள்ளத்தாக்கு எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்கத் திரும்பியிருந்தேன். நஞ்சப்பனுக்கு அந்த நொடிதான் கிடைத்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த போட்டோவுக்கு முன்னால் நின்றுவிடுவார்கள். எந்த ஊர், எவ்வளவு அழகு என்பார்கள். பிறகு நடுவில் விரலை வைத்து, "எல்லாரும் அந்தப் பக்கம் பாக்கறாங்க, இந்த ஒருத்தர் மட்டும் ஏனுங்க இந்தப் பக்கம் பாக்கறாரு?" என்று கேட்பார்கள்.

கோகிலா காப்பித் தட்டோடு வந்து அமைதியாகப் பதில் சொல்வாள்.

"அவருதாங்க எங்களுக்கு எடம் காட்டக் கூட்டிட்டுப் போனவரு."